பெரி கிளப் செத்ததா, பிழைத்ததா? ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் சொத்துக் கணக்கு

2025 ஏப்ரலில் இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். பெரி எஃப்.சி. என்ற கிளப் ஒன்பதாம் அடுக்கு லீகில் முதலிடம் பிடித்து எட்டாம் அடுக்குக்கு ஏறியது. கடைசி ஆட்டத்தைப் பார்க்க எட்டாயிரத்துக்கும் மேல் கூட்டம். அந்த அடுக்கில் சில நூறு பேர் வந்தாலே கிளப் செயலாளர் சந்தோஷப்படுவார்.

அந்தச் செய்திகளில் ஒன்று "1885இல் பிறந்த கிளப்" என்றது. இன்னொன்று "2019இல் லீகிலிருந்து துரத்தப்பட்ட கிளப்" என்றது. வேறொன்றில் "2019இல் ரசிகர்கள் தொடங்கிய கிளப்" என்று இருந்தது. 2023இல்தான் இந்தப் பெயரில் ஆடத் தொடங்கியது என்றும் ஒன்று. நான்கு வருஷக் கணக்கும் சரிதான். ஒரே கிளப்புக்கு இத்தனை பிறந்த நாள் எப்படி வந்தது என்று பார்க்க, 'கிளப்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தை (Bury) பார்த்தால் 'புரி' என்று வாசிக்கத் தோன்றும், ஆனால் 'பெரி'தான். அதே எழுத்துக்களுக்கு ஆங்கிலத்தில் 'புதை' என்றும் பொருள். 2019இல் தலைப்பு எழுதியவர்களுக்கு இது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுக்குகள் எப்படி வேலை செய்கின்றன

இங்கிலாந்துக் கால்பந்து ஒரு ஏணி. உச்சியில் பிரீமியர் லீக், 20 கிளப். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படி, படிக்கு 24 ஆக 72 கிளப். இந்த 72-ஐயும் நடத்துவது ஈ.எஃப்.எல். என்ற அமைப்பு. ஐந்தாம் படி நேஷனல் லீக். அதற்கும் கீழே போகப் போக லீக் வட்டாரவாரியாகப் பிரிந்துகொண்டே போகும். நன்றாக ஆடினால் ஏறலாம், மோசமாக ஆடினால் இறங்க வேண்டும். பத்தாம் படியில் இருக்கும் கிளப்பும் கணக்குப்படி பிரீமியர் லீக் வரை வரலாம்.

இந்த ஏணியில் பணம் மட்டும் சரிசமமாக ஏறுவதில்லை. மேல் படியில் கொட்டுகிற டிவி பணத்தில் மூன்றாம், நான்காம் படிக்கு வந்து சேர்வது சொற்பம். ஆட்டக்காரர்களின் சம்பளமோ மேலே இருப்பவர்களைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ஒரு படி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடன் வாங்கிச் செலவழிக்கும் ஆசை இங்கிருந்துதான் வருகிறது.

1885 முதல்

மான்செஸ்டருக்கு வடக்கே, டிராமில் போய்விடும் தூரத்தில், பருத்தி ஆலைகள் இருந்த ஊர் பெரி. ஊரில் இரண்டு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த அணிகள் இருந்தன, பெரி வெஸ்லியன்ஸ், பெரி யூனிடேரியன்ஸ் என்று. 1885இல் ஒயிட் ஹார்ஸ் என்ற விடுதியில் கூடிப் பேசி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். மைதானம் கிக் லேன். நிலம் டெர்பி பிரபுவின் எஸ்டேட்டைச் சேர்ந்தது. 1922இல் அதை அவர்கள் கிளப்புக்கே கொடுத்துவிட்டார்கள். இந்த நிலத்தை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

கிளப்புக்கு 'ஷேக்கர்ஸ்' என்று செல்லப்பெயர். 1892 லங்காஷயர் கோப்பை இறுதியாட்டத்தில் எதிரே பிளாக்பர்ன் ரோவர்ஸ், அன்றைக்குப் பெரிய அணி. அவர்களை ஆட்டிவைத்துவிடுவோம், நாம்தான் ஆட்டிவைப்பவர்கள் என்று கிளப்பின் தலைவர் சொன்னாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

1894இல் ஃபுட்பால் லீகின் இரண்டாம் டிவிஷனில் சேர்ந்தார்கள். முதல் வருஷமே அதை வென்று, தகுதிகாண் ஆட்டத்தில் லிவர்பூலைத் தோற்கடித்து, அன்றைக்கு உச்சிப் படியாக இருந்த முதல் டிவிஷனுக்குப் போனார்கள். 1900இல் சவுத்தாம்டனை 4-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை. 1903இல் மறுபடியும் கோப்பை, இந்த முறை டெர்பி கவுண்டியை 6-0 என்று. அந்த வருஷம் கோப்பைப் போட்டி முழுவதிலும் பெரி ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியாட்டத்தில் ஆறு கோல் வித்தியாசம் என்ற அந்தச் சாதனையை 116 வருஷம் யாரும் தொடவில்லை. 2019 மே மாதம் வாட்ஃபோர்டை 6-0 என்று வீழ்த்தி மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. அதே மே மாதம் பெரியின் ஆட்டக்காரர்கள் சம்பளம் வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் உள்ள நூறு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1925-26இல் முதல் டிவிஷனில் நான்காம் இடம் பிடித்ததுதான் உச்சம். 1929இல் அங்கிருந்து இறங்கியவர்கள் திரும்பப் போகவே இல்லை. அப்புறம் இரண்டாம், மூன்றாம், நான்காம் டிவிஷன்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம். 2002இல் ஐ.டி.வி. டிஜிட்டல் என்ற டிவி நிறுவனம் திவாலாகி, ஃபுட்பால் லீக் கிளப்புகளுக்கு வர வேண்டிய பணம் நின்றபோது பெரியும் கிட்டத்தட்ட மூடப்படும் நிலைக்குப் போனது. ரசிகர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். பக்கத்து ஊர் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் முதலாளி பிடிக்காமல் 2005இல் தனி கிளப் தொடங்கியபோது, அவர்கள் வாடகைக்கு ஆடியதும் கிக் லேனில்தான்.

கிளப் என்றால் என்னென்ன

ரசிகனுக்குக் கிளப் ஒரே பொருள். சட்டத்தின் கண்ணில் அது நான்கு தனித்தனிப் பொருள்கள்.

1. கம்பெனி. வங்கிக் கணக்கு, கடன், ஒப்பந்தங்கள், ஆட்டக்காரர்களின் சம்பளப் பொறுப்பு எல்லாம் ஒரு லிமிடெட் கம்பெனியின் பெயரில் இருக்கும். கிளப்பை வாங்கினார் என்றால் இந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார் என்று அர்த்தம்.

2. லீக் பங்கு. ஈ.எஃப்.எல்.லும் ஒரு கம்பெனிதான். 72 கிளப்புக்கும் அதில் ஆளுக்கு ஒரு பங்கு. 'கோல்டன் ஷேர்' என்பார்கள். இது கையில் இருந்தால்தான் லீகில் ஆடலாம், டிவி பணத்தில் பங்கு கேட்கலாம். லீக் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும்.

3. மைதானம். கம்பெனியின் பெயரிலேயே இருக்கலாம், முதலாளியின் வேறொரு கம்பெனியின் பெயரில் இருக்கலாம், நகராட்சியுடையதாக இருக்கலாம். எங்கே இருந்தாலும் அது நிலம். அடமானம் வைக்கலாம், விற்கலாம்.

4. பெயர், சின்னம், வரலாறு, ரசிகர்கள். இதில் பெயரையும் சின்னத்தையும் விலை பேசலாம். ரசிகர்களை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது.

நூறு வருஷமாக இந்த நான்கும் ஒன்றாகவே இருந்ததால் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெரியில் நடந்தது என்னவென்றால், முடிச்சு அவிழ்ந்து நான்கும் நான்கு திசையில் போனதுதான்.

பணம் எங்கே போனது

2013இல் ஸ்டூவர்ட் டே என்ற கட்டட முதலீட்டாளர் கிளப்பை வாங்கினார். இரண்டே வருஷத்தில் லீக் ஒன்னுக்கு ஏறினார்கள். சம்பளம் அந்த ஊரின் வசதிக்கு மீறியது. மைதானத்தின் மேல் அடமானக் கடன் ஏறியது. கிக் லேனின் கார் நிறுத்தும் இடங்களைக்கூட ஒவ்வொன்றாக வெளி முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். கார் நிறுத்தும் இடத்தைத் துண்டு போட்டு விற்கிற கிளப்பின் கஜானா எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணக்காளர் வேண்டாம்.

லீகில் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. லீக் ஒன் கிளப் தன் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது. ஓட்டை 'வருமானம்' என்ற சொல்லில் இருந்தது. முதலாளி தன் கையிலிருந்து போடும் முதலும் நன்கொடையும் அதில் சேர்த்தி. அதாவது டிக்கெட் விற்றுப் பத்து ரூபாய் வந்து, முதலாளி தொண்ணூறு போட்டால், நூறுக்கு அறுபது சம்பளம் கொடுக்கலாம். முதலாளி போடுவதை நிறுத்திவிட்டால்? சம்பள ஒப்பந்தம் அறுபதுக்கு நிற்கும், வருவது பத்து. டேயின் கட்டட நிறுவனம் தள்ளாடத் தொடங்கியபோது பெரியில் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

ஒரு பவுண்டுக்கு ஒரு கிளப்

2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபர் கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். விலை ஒரு பவுண்ட் என்றால் இலவசம் என்று நினைக்கக் கூடாது. கடனும் சேர்ந்தே கைமாறுகிறது, அதனால்தான் அந்த விலை. பெரி என்று ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று பின்னால் அவரே வானொலிப் பேட்டியில் சொன்னார்.

அன்றைய விதி விசித்திரமானது. கிளப்பை வாங்குகிறவர் அதை நடத்தத் தன்னிடம் பணம் இருக்கிறது என்று லீகுக்கு நிரூபிக்க வேண்டும். ஆனால் நிரூபிக்கும் முன்பே விற்பனை முடிந்துவிடலாம், அதைத் தடுக்க லீகுக்கு அதிகாரம் இல்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அப்புறம் சம்பளச் சான்றிதழ் கேட்பது போல. டேலிடமிருந்து திருப்தியான ஆதாரம் கடைசி வரை வரவில்லை என்பது ஈ.எஃப்.எல். சொன்னது.

இதற்கிடையே ஆட்டம் மட்டும் பிரமாதம். சம்பளம் வராத மாதங்களிலும் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. நடுவில் லீக் டூவுக்கு இறங்கியிருந்தவர்கள், 2019 ஏப்ரல் 30 அன்று டிரான்மியர் அணியின் மைதானத்தில் டிரா செய்து மறுபடி லீக் ஒன்னுக்கு ஏறுவதை உறுதி செய்தார்கள். பயிற்சியாளர் கோடையில் பிளிமத் கிளப்புக்குப் போனார். சில ஆட்டக்காரர்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

ஜூலையில் கிளப் 'சி.வி.ஏ.' என்ற வழியில் போனது. கடன் கொடுத்தவர்களிடம் "முழுசாகத் தர முடியாது, இவ்வளவு வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்" என்று பேசி முடிக்கிற ஏற்பாடு. மதிப்பின்படி முக்கால்வாசிக் கடன்காரர்கள் ஒத்துக்கொண்டால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். பெரியில் அடமானம் இல்லாமல் கொடுத்த கடனுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ் என்று முடிவானது.

இங்கே கால்பந்தில் மட்டும் உள்ள ஒரு ஓரவஞ்சனை உண்டு. 'ஃபுட்பால் கிரெடிட்டர்ஸ்' என்ற விதிப்படி ஆட்டக்காரர்களின் பாக்கியும் மற்ற கிளப்புகளின் பாக்கியும் முழுசாகத் தீர்க்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் லீக் பங்கு போய்விடும். உள்ளூர் அச்சுக்கூடம், தின்பண்டம் கொடுத்த கடை, வரித் துறை எல்லாம் பவுண்டுக்கு 25 பென்ஸ் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மற்ற கிளப்புகள் அடுத்தடுத்து விழாமல் இருக்க இது தேவை என்பது லீகின் வாதம். கடை வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

இந்த வழியில் போனதற்கு இன்னொரு விலை, 12 புள்ளி அபராதம். 2025 அக்டோபரில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன (கடனில் மூழ்கிய கம்பெனியை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற வெளி ஆள் கையில் எடுக்கும் ஏற்பாடு) ஷெஃபீல்ட் வெனஸ்டே கிளப்புக்கும் இதே 12தான். புள்ளியைப் பறிப்பதால் கடன் தீராது. கடனைத் தள்ளுபடி செய்துகொண்ட கிளப், ஒழுங்காகக் கடன் கட்டிய கிளப்பைவிட லாபம் அடையக் கூடாது என்பதற்காக.

ஆகஸ்ட் 27

பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாத வரை ஆட அனுமதி இல்லை என்றது லீக். ஆகஸ்ட் 3இல் மில்டன் கீன்ஸ் அணியோடு நடக்க வேண்டிய முதல் ஆட்டம் நடக்கவில்லை. அடுத்ததும் இல்லை. வாரம் வாரம் பட்டியலில் பெரியின் பெயருக்கு நேரே 'ஒத்திவைப்பு'.

கிளப்பின் முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதானத்தின் மழைநீர்க் குழாயில் கைவிலங்கு போட்டுத் தன்னைப் பூட்டிக்கொண்டார். அவருடைய அப்பா லெஸ் ஹார்ட், ஆட்டக்காரராகத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அதே கிளப்பில் வேலை பார்த்தவர். தெற்கு ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான்.

கெடு ஆகஸ்ட் 23 என்று இருந்தது, செவ்வாய்க்கிழமை 27 மாலை 5 மணிக்குத் தள்ளிப்போனது. சி அண்ட் என் ஸ்போர்ட்டிங் ரிஸ்க் என்ற நிறுவனம் வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. செவ்வாய் காலை நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பம், துணி, குப்பைப் பையோடு கிக் லேனுக்கு வந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த இடம், சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் சுத்தமாக இருக்க வேண்டாமா? அவர்கள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே, கணக்கைப் பார்த்த அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இரவு அறிவிப்பு வந்தது: லீக் பங்கு பறிக்கப்பட்டது. 1992இல் மெய்ட்ஸ்டன் யுனைடெட் விழுந்த பிறகு லீக் இப்படி ஒரு கிளப்பை இழந்தது இதுதான் முதல் முறை.

அதே மாலை பக்கத்து ஊர் போல்டன் வாண்டரர்ஸுக்கும் கெடு இருந்தது. அவர்களுக்கு இன்னும் 14 நாள் கொடுத்தார்கள், மறுநாளே புதிய முதலாளி வந்துவிட்டார். ஏன் அவர்களுக்கு மட்டும் என்ற கேள்வி பெரியில் இன்றும் கேட்கிறது. போல்டன் அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது, வாங்கும் பேச்சும் முற்றியிருந்தது. பெரியில் இரண்டும் இல்லை. ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிய நேரம் என்பதை மட்டும் இரண்டு ஊரும் கண்டுகொண்டன.

அந்த சீசனில் லீக் ஒன் 23 அணிகளோடு நடந்தது. அடுத்த வருஷம் நான்காம் படியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெரி கேட்டபோது மற்ற கிளப்புகள் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்கும் நான்கு திசையில்

பட்டியலுக்குத் திரும்புவோம்.

கம்பெனி ஆடாத கிளப்பாக, கடனோடு தொடர்ந்து உயிரோடு இருந்தது. 2020 நவம்பரில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. லீக் பங்கு இல்லாமல் போனது. மைதானம் பூட்டிக்கிடந்தது, ஆட்டம் நடந்த இடத்தில் களை வளர்ந்தது.

நான்காவது பொருளில்தான் சிக்கல். ரசிகர்களில் ஒரு பகுதியினர், காத்திருந்து பயனில்லை என்று 2019 முடிவதற்குள்ளேயே பெரி ஏ.எஃப்.சி. என்ற புது கிளப்பைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஆளுக்கு ஒரு ஓட்டு. 2020இல் வடமேற்கு கவுண்டிகள் லீகில், ஏணியின் பத்தாம் படியில் இடம் கிடைத்தது. மைதானம் இல்லாததால் பக்கத்து ராட்கிளிஃபில் ஆடினார்கள். முதல் சீசனைக் கொரோனா பாதியில் நிறுத்தியது, இரண்டாவது சீசனில் முதலிடம்.

இன்னொரு பகுதியினருக்கு இதில் உடன்பாடு இல்லை. கிக் லேன் இல்லாமல், பழைய பெயர் இல்லாமல் ஆடுவது பெரியா என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் மைதானத்தை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். 2022 பிப்ரவரியில் 'எஸ்ட். 1885' என்ற ரசிகர் அமைப்பு கிக் லேனை வாங்கியது. சமூகச் சொத்துகளை ஊர்க்காரர்களே வாங்க உதவும் அரசு நிதியிலிருந்து பத்து லட்சம் பவுண்ட் வந்தது. அமெரிக்காவில் வாழும் பெரி ரசிகர் ஒருவரும் பெரிய தொகை கொடுத்தார். அந்த விற்பனையில் நிலத்தோடு சேர்த்து வாங்கப்பட்டவை: பெரி எஃப்.சி. என்ற வணிகப் பெயர், நினைவுப் பொருள்கள், வரலாறு. ஆமாம், வரலாறும் விலைக்கு வாங்கிய பொருள்களில் ஒன்று. 1900, 1903 கோப்பைகளை "நம்முடையது" என்று சொல்லும் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டரிடமிருந்து கைமாறியது.

இப்போது ஒரு பக்கம் அணி இருக்கிறது, மைதானம் இல்லை. இன்னொரு பக்கம் மைதானமும் பெயரும் இருக்கின்றன, அணி இல்லை. ஒன்று சேர்ந்தால் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவருக்குத் தோன்றும். 2022 அக்டோபரில் ஓட்டெடுப்பு நடந்தது. புது கிளப்பின் பக்கம் ஏகப்பட்ட ஆதரவு. பழைய பக்கத்திலும் பெரும்பான்மை ஆதரவுதான், ஆனால் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்குச் சில சதவீதம் குறைந்து தீர்மானம் விழுந்தது. யார் உண்மையான ரசிகன் என்று ஒரே ஊரில், சில வீடுகளில் ஒரே மேசையிலேயே சண்டை. 2023இல் மறுபடி ஓட்டெடுத்தபோதுதான் இரண்டு பக்கமும் தேறியது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. பெயர் மாற்றத்துக்கு அனுமதி தந்தது. அந்தக் கோடையில் பெரி எஃப்.சி. கிக் லேனில் மறுபடியும் ஆடத் தொடங்கியது, ஒன்பதாம் படியில்.

ஆக இன்றைய கிளப்பின் கம்பெனி புதுசு, ரசிகர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம். லீக் இடம் 2020இல் பத்தாம் படியிலிருந்து ஆடிச் சம்பாதித்தது. மைதானம் 1885இல் ஆடிய அதே மைதானம். பெயரும் வரலாறும் விலை கொடுத்து மீட்டவை. ஒரே கிளப்பா என்றால் என் பதில்: சட்டப்படி இல்லை, ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கில் ஆமாம். கோப்பை வென்ற வருஷங்களைச் சட்டையில் போட்டுக்கொள்ள இரண்டாவது போதும். பழைய கம்பெனியின் கடனைக் கட்டாமல் இருக்க முதலாவது உதவுகிறது.

சட்டம் வந்த கதை

பெரி விழுந்த பிறகு, லீக் தன்னைத் தானே கண்காணிக்க முடியாது என்ற பேச்சு வலுத்தது. 2021இல் முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் ரசிகர்களின் பார்வையில் ஒரு ஆய்வு நடந்தது. அதன் பரிந்துரைகள் இரண்டு அரசாங்கங்களைத் தாண்டி, 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டமாக வந்தன. அதன்படி லீகுக்கு வெளியே தனி ஒழுங்குமுறை அமைப்பு. பெரியின் கதையோடு வைத்துப் பார்த்தால் முக்கியமானவை:

1. கிளப்பை வாங்குகிறவர் தகுதியையும் பணம் வரும் வழியையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். சாவி அப்புறம்தான்.
2. கிளப் நடத்த உரிமம் வேண்டும். நிதித் திட்டம் காட்டினால்தான் கிடைக்கும்.
3. மைதானத்தை விற்கவோ கடனுக்கு ஈடாக வைக்கவோ ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும்.
4. சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது.

நான்கு பொருள்களும் தனித்தனியே சிதறக் கூடாது என்று போட்ட கயிறு இது. கடனே வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, மோசமான முதலாளி வரவே மாட்டார் என்ற உத்தரவாதமும் இல்லை.

சட்டத்தின் எல்லை மேல் ஐந்து படிகள், மொத்தம் 116 கிளப். 2025இல் பெரி ஏறியது எட்டாம் படிக்கு. தன் விழுகையால் வந்த சட்டத்துக்குள் அது நுழைய அங்கிருந்து மூன்று முறை ஏற வேண்டும்.